சரக்கு வண்டியில் ஒரு நாற்காலி

முதல் வளைவு இறங்குவதற்குள் என் இடது தோள் மரத்துப்போய்விட்டது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நடுவே இரண்டு மூங்கில் கழிகள். கழிகளோடு கயிறு போட்டுக் கட்டிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஒரு பெண். அவளுடைய வலது கால் கணுக்கால் பக்கம் நசுங்கியிருந்தது. மரப்பட்டை வைத்துப் பழைய சேலைத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் கருநீலம் ஏறத் தொடங்கியிருந்தது.

அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினேன். வேறு வழியில்லை. நாற்காலியின் முதுகு பள்ளத்தைப் பார்த்து இருந்தது, அவள் முகம் மேட்டைப் பார்த்து இருந்தது. பின்கழி தாங்கிய எனக்கும் அவளுக்கும் முகத்துக்கு முகம். முன்கழிகளில் அவள் புருஷனும் அவன் தம்பியும். என் பக்கத்தில் மற்றொரு கழியோடு அடுத்த குடிசைக்காரர். என் பை கழியின் நுனியில் தொங்கி ஆடிக்கொண்டு வந்தது.

அன்று காலை நான் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிட்டவன். கவுஞ்சிக்கு அந்தப் பக்கம், ரோட்டுக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சில குடிசைகள் அவை. பூண்டு பிடுங்க ஆள் வேண்டும் என்றார்கள், போயிருந்தேன். பிடுங்கி முடிந்தது. இனி மூணாறு பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகலாம் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் அவள் தலையில் பூண்டு மூட்டையோடு போய்க்கொண்டிருந்தாள். பிடுங்கிய பூண்டை ரோடு வரைக்கும் தலையில் இறக்குவது அங்கே பெண்கள் வேலை. ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி நின்று வாங்கிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்குப் போகும்.

அந்தப் பாதையைப் பற்றிச் சொன்னால் எனக்கு இப்போதும் வாய் கசக்கிறது. ரோடு போடுகிறோம் என்று ஒரு மிஷினைக் கொண்டுவந்து மேட்டை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய மண்ணையும் கல்லையும் பாதையிலேயே போட்டுவிட்டு மிஷின் இறங்கிப்போய்விட்டது. ரோடு வரவில்லை, முன்பு இருந்த ஒற்றையடிப் பாதையும் போயிற்று. அந்தக் கல்குவியல் மீதுதான் பெண்கள் தலைச்சுமையோடு ஏறி இறங்குகிறார்கள். அவள் வைத்த காலுக்குக் கீழே ஒரு கல் புரண்டது. அதற்கு மேலே இருந்த பெரிய கல் வந்து கணுக்காலில் உட்கார்ந்தது. மூட்டையை மட்டும் அவள் கீழே விடவில்லை. விழுந்த பிறகும் ஒரு கை மூட்டையைப் பிடித்திருந்தது. கல்லைப் புரட்டி அவளைத் தூக்கிக்கொண்டு நான்தான் திரும்ப மேலே ஏறினேன்.

குடிசைகளில் நாட்டு வைத்தியம் தெரிந்த ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரி சோலி. ரத்தம் கீழ எறங்கல. பொழுதுக்குள்ள கொண்டுபோயிருங்க, இல்லன்னா பாதம் அழுகிப்போகும்" என்றார்.

அவசரத்தில் நாங்கள் செய்த காரியம் கம்பளியை ஒரு கழியில் தூளியாகக் கட்டி அவளைப் படுக்க வைத்ததுதான். இறக்கத்தில் தலை மேடாக இருக்கட்டும் என்று கால்பக்கம் முன்னால் வருகிற மாதிரி தூக்கினோம். நாலு அடிகூட வைக்கவில்லை. அவள் கத்தின கத்தில் மேட்டில் நின்ற பெண்கள் ஓடிவந்தார்கள்.

"ஏலே, என்னயப் பொணமாக்கிட்டீங்களாலே? கால முன்னுக்க விட்டுத் தூக்குறீங்க! எறக்குங்க. எறக்குங்கங்கேன்!"

அந்தக் குடிசைகளில் ஒரு முறை உண்டு. ஊரை விட்டுக் கால் முன்னால் போகிறது பிணம் மட்டும்தான். அப்படியானால் தலையை முன்னால் விடலாமே என்றால், இறக்கத்தில் தலை பள்ளத்தில் தொங்கும். அதனால் உயிரோடு இருக்கிறவரை அவர்கள் படுக்க வைத்து இறக்குவதே இல்லை. உட்கார வைத்து, ஊரைப் பார்க்கத் திருப்பி வைத்து, முதுகுப்பக்கமாக இறக்குவார்கள். ஊரைப் பார்த்துக்கொண்டே போகிற ஆள் ஊருக்குத் திரும்பி வரும் என்பது கணக்கு. அவள் புருஷனுக்கும் இது தெரியும். பதற்றத்தில் மறந்திருக்கிறான். ஒரு கிழவி அவன் முதுகில் ஓர் அடி போட்டாள்.

பாதம் கருத்துக்கொண்டு வருகிறது, இவர்கள் சாஸ்திரம் பேசுகிறார்களே என்று எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை விட்டே சொல்லிவிட்டேன்.

"காலு கெடக்குற கெடையில திசையப் பாத்துக்கிட்டு இருக்கீங்களே."

"காலு போனாப் போகட்டும்ண்ணே. நான் உசுரோட போறேன்னு எனக்குத் தெரியணும்ல" என்றாள் அவள்.

நாற்காலி தேடி, கழி வெட்டி, கயிறு கட்டி முடிக்க நேரமாயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செங்குத்தில் தூளியோடு இறங்கியிருந்தால் எங்களில் ஒருவன் நிச்சயம் உருண்டிருப்பான். நாற்காலியின் முதுகு பள்ளத்தைப் பார்த்து இருந்ததால் அவள் வழுக்கவில்லை, சாய்ந்து உட்கார்ந்து வந்தாள். முன்னால் போகிறவர்கள் நின்றால் நாங்களும் நிற்க முடிந்தது.

கல்குவியலைத் தாண்டும்போது வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் முகம் எப்படி இருந்ததோ, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, மூஞ்சிய அப்பிடி வச்சுக்கிட்டு வராதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னாலும் உங்களப் பாத்தே பயந்துருவேன் போல."

முன்னாலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான். "மதினி, பேசாம வாங்க. நீங்க சிரிச்சா நாற்காலி ஆடுது."

"ஒன் கலியாணத்துக்குத்தான்டா ஊர்வலம் போறோம். பொண்ணு வீட்டுல காலு ஒடிஞ்சவளா மதினின்னு கேக்கப் போறாங்க."

புருஷன் மட்டும் தலையைக் குனிந்தே நடந்தான். கிழவியிடம் வாங்கிய அடி இன்னும் உறைத்துக்கொண்டிருந்திருக்கும்.

ரோட்டுக்கு வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். பிரசவக் கேஸ் ஒன்றை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறது, திரும்பிவரப் பொழுது சாயும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருக்கிற வண்டி அங்கே தேவைப்பட்டது, போயிருக்கிறது. விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தன.

ரோட்டோரம் கொஞ்ச தூரத்தில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. அங்கே நான் ஒரு சீசன் முழுக்க லக்கேஜ் தூக்கியிருக்கிறேன். அதனால் நான் போய்க் கேட்கிறேன் என்று சொன்னேன். நாற்காலியை ரோட்டில் வைத்துவிட்டுப் போக மனமில்லாமல் அவளையும் தூக்கிக்கொண்டே போனோம்.

அந்த ரிசார்ட்டில்தான் எனக்குக் கேரியேஜ் என்ற இங்கிலீஷ் வார்த்தை அறிமுகம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வார்த்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட வேலை பார்த்த இடங்களில் கற்றதுதான் அதிகம். ரிசார்ட்டில் கெஸ்டுகளை வியூ பாயிண்ட் வரைக்கும் கூட்டிப்போக ஒரு வெள்ளைக் குதிரை வண்டி வைத்திருந்தார்கள். மெத்தை சீட், குடை, பித்தளை விளக்கு. அதற்குப் பெயர் கேரியேஜ். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உன் கேரியேஜ் சரியில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் என் தோள்களைப் பின்னால் தள்ளினார். முகவாயை உயர்த்தினார். ஓஹோ, ஆள் நிமிர்ந்து நிற்கிற நிலைக்கும் அதே பெயரா என்று புரிந்துகொண்டேன். பல வருஷம் சுமை தூக்கியதில் என் இடது தோள் இறங்கிவிட்டது. அது விரலால் தள்ளி ஏறுகிற தோள் அல்ல. என்னைக் கூனவைத்த வேலைக்கே என்னைச் சேர்த்துக்கொண்டு, கூனாமல் அதைச் செய் என்றார்கள். கெஸ்டின் பெட்டியைத் தூக்கும்போது பெட்டியே கையில் இல்லாதது மாதிரி நடக்க வேண்டுமாம்.

அதற்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு லாரி ஷெட்டில் பார்சல் ஏற்றினேன். அங்கே சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கூலிக்குக் கேரியேஜ் என்பார்கள். ரயில் பெட்டிக்கும் அதுதான் பெயர் என்று அங்கேயே ஒரு கிளார்க் சொன்னார். வெள்ளைக்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமோ என்னவோ. நான் யோசித்துப் பார்த்த வரைக்கும், தூக்கப்படுவது, தூக்குகிற கூலி, தூக்குகிற வண்டி, தூக்கிக்கொண்டும் தலைநிமிர்ந்து நிற்பது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தையில் இடம் இருக்கிறது. தூக்குகிற ஆளுக்குத்தான் இல்லை.

கேட்டில் சூப்பர்வைசரே நின்றார். என்னை அடையாளம் தெரிந்தது. நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கேட்டை முழுக்கத் திறக்காமல் வெளியே வந்தார்.

"சார், கால் நசுங்கிக் கெடக்கு. உங்க ஜீப்பக் குடுங்க. ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துருவோம்."

"ஜீப் ஏர்போர்ட் பிக்கப்புக்கு மதுரை போயிருக்குப்பா."

"அப்ப குதிரை வண்டி? பெரிய ரோடு வரைக்குமாவது. அங்க பஸ்ஸு ஏதாச்சும் கெடைக்கும்."

"கேரியேஜ் கெஸ்ட்டுக்கு மட்டும்தான்னு உனக்கே தெரியுமே. இப்ப ஒரு ஹனிமூன் கப்பிள் புக்கிங் இருக்கு. சீட் எல்லாம் வெள்ளைத் துணி. ரத்தம் பட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ரத்தமே இல்ல சார். உள்ள நசுங்கியிருக்கு. ரத்தம் கீழ எறங்குனாத்தான் நல்லதுன்னு சொல்றாங்க."

அவர் என் கழுத்துக்குக் கீழே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "புரிஞ்சுக்கோ. எனக்கும் மேல ஆள் இருக்கு" என்றார். மேலே யார் இருக்கிறார்கள் என்று நான் அண்ணாந்து பார்த்தேன். மாடியில் ஒரு கெஸ்ட் செல்போனைப் பிடித்து எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "வாட் ஃபெஸ்டிவல் இஸ் திஸ்?" என்று அவர் பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

நாற்காலியில் இருந்தவளும் அதைக் கேட்டிருக்கிறாள். "என்னண்ணே சொல்லுது அந்தம்மா?"

"என்ன திருவிழான்னு கேக்குது."

அவள் ஒரு நிமிஷம் மாடியைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, சப்பரத்தில் வருகிற சாமி மாதிரி உள்ளங்கையைக் காட்டினாள். கொழுந்தன் பொத்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்தக் கேட்டைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. அங்கே நான் தூக்காத பெட்டி இல்லை. ஒருவருடைய பெட்டிக்குள் நாய்க்குத் தனி மெத்தை இருந்தது. அதையும் தோளை நிமிர்த்திக்கொண்டு தூக்கினேன்.

திரும்பி வந்தபோது ரோட்டில் பூண்டு வண்டி நின்றிருந்தது. மஞ்சள் பெயிண்டில் முன்னாலும் பின்னாலும் 'கூட்ஸ் கேரியேஜ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்த வார்த்தை என்னை விடுவதாக இல்லை. டிரைவர் பாதி மூட்டைகளை ஏற்றியிருந்தார். சந்தை வியாபாரிக்காகக் குடிசைகளில் சுமை இறக்க ஆள் பிடிப்பவரும் அவர்தான். அன்று காலை அவள் தலையில் இருந்த மூட்டையும் அவர் வண்டிக்கு வந்ததுதான்.

"ஐயோ, தாயி, என்னாச்சு?" என்று பதறித்தான் ஓடிவந்தார். ஆனால் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றதும் முகம் மாறியது.

"மாப்ள, இது சரக்கு வண்டி. ஆள ஏத்துனா செக்போஸ்ட்ல பர்மிட்டப் புடுங்கிருவான். போன வாரம்தான் ஒருத்தனப் பிடிச்சு உள்ள வச்சிருக்கான்."

"காலையில தெனமும் பீன்ஸ் எடுப்புக்குப் பொம்பளையாளுகள அடைச்சு ஏத்திக்கிட்டுப் போறீங்களே. அது ஆள் இல்லயா?"

"அது வெள்ளனே மாப்ள. அப்ப செக்போஸ்ட்ல எவனும் முழிச்சிருக்க மாட்டான்."

பொய் இல்லை. வில்பட்டிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் இருட்டோடு இருட்டாக நின்றுகொண்டே இப்படிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உட்கார இடமிருக்காது. வளைவில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கொள்வார்கள். வேலைக்குப் போகும்போது மனிதரைச் சரக்கு வண்டியில் ஏற்றலாம். வேலையில் அடிபட்டால் மட்டும் சட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

டிரைவர் கொஞ்சம் யோசித்து ஒரு வழி சொன்னார். "மூட்டைக்கு நடுவுல படுக்கப் போட்டு மேல தார்ப்பாயப் போத்திருவோம். யாருக்கும் தெரியாது. வெரசாப் போயிரலாம்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். பாதம் இருக்கிற நிலையில் தார்ப்பாயாவது ஒன்றாவது. புருஷன் அவளைத் தூக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"படுக்க மாட்டேன். மூஞ்ச மூட மாட்டேன். உக்காந்துதான் வருவேன்."

"ஏ, நெலம தெரியாமப் பேசுறியே..."

"எனக்குத் தெரியாத நெலம உனக்குத் தெரியுமா? எங்காலு. பூண்ட மட்டும் பகல்ல கொண்டுபோவாரு, அதத் தூக்குனவள ஒளிச்சுக் கொண்டுபோவாராக்கும்."

அவள் குரல் உடைந்தது அந்த ஒரு முறைதான். டிரைவர் தரையைப் பார்த்தார். பர்மிட், பர்மிட் என்று முனகினார். இதற்குள் மேலேயிருந்து மூட்டையோடு இறங்கிவந்த மற்ற பெண்கள் வண்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் தன் தலைமூட்டையை வண்டியில் வைக்காமல் ரோட்டிலேயே இறக்கினாள். அடுத்தவளும் இறக்கினாள். அடுத்தவளும்.

"நாற்காலி ஏறுனா மூட்டை ஏறும்" என்றாள் மூத்தவள். "இல்லன்னா நீங்களே மேல ஏறி வந்து தூக்கிக்கிட்டுப் போங்க. பாதை நல்லா அம்சமாக் கெடக்கு."

"தாயி, எம்பொழப்பு..."

"எங்க பொழப்புந்தான்."

டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு பின்கதவைத் திறந்து, "ஏத்துங்கடா. நாசமாப் போகட்டும். கயித்த நல்லா இழுத்துக் கட்டுங்க" என்றார்.

மூட்டைகளுக்கு மேலே நாற்காலியை வைத்தோம். முதுகு டிரைவர் பக்கம், முகம் மலைப்பக்கம். காலுக்கு ஒரு பூண்டு மூட்டையை அணையாக வைத்தோம். புருஷன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். வண்டி கிளம்பியபோது அவள் எல்லாருக்கும் மேலே, தலையை நிமிர்த்தி, குடிசைகள் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். ரிசார்ட்டைத் தாண்டும்போது அந்தக் குதிரை வண்டி வெளியே வந்தது. உள்ளேயிருந்த புது ஜோடி எங்களை அண்ணாந்து பார்த்தது.

செக்போஸ்ட்டில் தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது. காவலர் வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். நாற்காலியை அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா இது? சரக்கு வண்டியில ஆள ஏத்தியிருக்க?"

டிரைவர் பர்மிட்டைத் தேடினார். மேலேயிருந்து அவள் பேசினாள்.

"ஆளுன்னு தெரியுதுல்ல சார்? அப்பத் தெறங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார். கட்டுக்கு வெளியே அந்த விரல்களைப் பார்த்தார். போய்க் கட்டையைத் தூக்கினார். டிரைவரைப் பார்த்து மட்டும், "திரும்பி வாரப்ப நின்னுட்டுப் போ" என்றார். டிரைவர் அந்தக் கவலையிலேயே வண்டியை ஓட்டினார். ஆனால் நன்றாக ஓட்டினார், ஒரு வளைவில்கூட நாற்காலி சாயவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வெயில் இன்னும் இருந்தது. டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்களை வெளியே அனுப்பினார். எலும்பை நேராக்கி ரத்தம் இறங்க வைத்துவிட்டார்கள். பிறகு புருஷனிடம் சொன்னார்: "பாதம் பிழைச்சிருச்சு. சின்ன விரல் ரெண்டு போகலாம், பாப்போம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மொத்தமா எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஆனா ரொம்ப நாளைக்குத் தலைச்சுமை கூடாது."

உள்ளே போய் நான் இதைச் சொன்னபோது அவள் விரல் போவதைப் பற்றிக் கேட்கவில்லை. "ரொம்ப நாளுன்னா? எஞ்சுமைய வேற ஆளுக்குக் குடுத்துருவாருண்ணே அந்த மனுசன். ஒருதடவ குடுத்தாத் திரும்பக் கெடைக்காது" என்றாள். குடிசையிலிருந்து கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அவள் அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரத்தில், நாயுடுபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் கடை வராந்தாவில் அன்று படுத்தேன். மூணாறு போகிற வழியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் பிக்கப் வந்து நின்றது. டிரைவர் இறங்கி அவளைப் பார்த்து, இரண்டு ஆரஞ்சு கொடுத்துவிட்டு வந்தார். செக்போஸ்ட்டில் வாங்கிய திட்டைச் சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, அவ எடத்துக்கு ஆளு வேணும். பூண்டு மேல கெடக்கு, வானம் மூடிக்கிட்டு நிக்கிது. நீ சும்மாத்தான இருக்க? வாரியா?"

ஒரு ராத்திரிகூடத் தாண்டவில்லை. அவள் கால் இன்னும் கட்டில் கம்பியில் தூக்கிக் கட்டியிருக்கிறது. ஆரஞ்சு கொடுத்த கையோடு அவள் இடத்துக்கு ஆள் தேடுகிறார். இவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு என் வழியே போயிருப்பேன்.

"வாரேன்" என்றேன். "அவ காலு ஊனுன அன்னைக்கு நான் வெலகிருவேன். அந்த எடம் அவளுக்கு."

"அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம் மாப்ள."

"இங்க பாத்துக்கிட்டுத்தான் வண்டியில ஏறுவேன். உள்ள வந்து அவகிட்டச் சொல்லுங்க. அவ புருஷன் முன்னால சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்து சொன்னார். அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, அது பொம்பள வேல. ஊரு சிரிக்கும்" என்றாள். சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினேன்.

மதியத்துக்குள் குடிசைகளுக்கு ஏறிப்போய்ச் சேர்ந்தேன். மூத்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் முந்தானையைக் கிழித்துச் சும்மாடு சுற்றிக் கொடுத்தாள். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். பெண்கள் வரிசையில் நாலாவது ஆளாக நான் இறங்கத் தொடங்கினேன்.